நீ நேராத நேர்ச்சை

மக்கா,

மதியம் நீ சாப்பிட வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும். சாவி பக்கத்து வீட்டு மைனியிடம் இருக்கிறது. இந்தக் கடிதத்தையும் அவளிடமே கொடுத்து, உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சோறும் உள்ளித் தீயல் குழம்பும் அடுப்பங்கரையில் மூடி வைத்திருக்கிறேன். அப்பாவும் நானும் ஓர் இடத்துக்குப் போகிறோம். எங்கே என்று கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நீ பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவாய். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனைக் கையில் எடுக்கவே எனக்கு இப்போது பிடிக்கவில்லை. அதனால்தான் உன் கடைப் பில் புத்தகத்திலிருந்து தாள் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் நீ கட்டப்போகிற அபியின் தாய்மாமா வந்து உட்கார்ந்து பேசியது உனக்கு மறந்திருக்காது. அடுத்த வாரம் கல்யாணம். பத்திரிகை கொடுத்தாயிற்று, பந்தலுக்குச் சொல்லியாயிற்று. அவர் சாயாவைக் குடித்துவிட்டு, உன் தலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னிடம் சொன்னார்: "அக்கா, சாமிக்கு நேர்ந்த நேர்ச்சை முடியைத் தலையில வச்சுக்கிட்டு தாலி கெட்டப்பிடாது, கேட்டியளா. அதுக்கு முன்ன திருச்செந்தூர்ல எறக்கி வச்சிருங்க." நான் உன்னைப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "சரி மாமா, நாளக் கழிச்சு போயி மொட்ட போட்டுட்டு வந்திருகேன்" என்றாய். அவர் போன பிறகு வேன்காரருக்குப் போன் பண்ணினாய். "கடையையும் கொஞ்ச நாள் பூட்டிப் போடுகேம்மா" என்றும் சொன்னாய். நீ சொன்ன அந்தச் 'சரி'யில்தான் எனக்குப் பயம் வந்தது. ராத்திரி முழுக்க அது நெஞ்சில் கிடந்து உருண்டது.

நீ பெங்களூரு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தபோது உன் தலையில் கொண்டை இருந்தது. தாடி, வட்டக் கண்ணாடி, முட்டுக்கு மேலே மடித்த பேன்ட், தாத்தா காலத்துச் சட்டை மாதிரி ஒரு தொளதொளச் சட்டை. வேலையை விட்டதுகூட எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை, அந்தக் கொண்டைதான் கண்ணைக் குத்தியது. வந்த மறுநாளே மைனி வேலிப் பக்கம் நின்று கேட்டாள்: "என்னட்டி, பய முடிய வளத்துக்கிட்டு வந்து நிக்கான்?" எனக்கு நாக்கில் என்ன வந்ததோ, "திருச்செந்தூருக்கு நேர்ச்சை மைனி" என்றேன். அவள் முகம் உடனே மாறிவிட்டது. "முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதையே சொன்னேன். எனக்கு அது வசதியாக இருந்தது. ஸ்டைலுக்கு முடி வளர்க்கிறவனின் அம்மா என்றால் நாலு பேர் சிரிப்பார்கள். சாமிக்கு வளர்க்கிறவனின் அம்மா என்றால் கும்பிடுவார்கள். ஒருநாள் நீயே காதில் வாங்கிவிட்டு, "நான் எப்பம்மா நேர்ந்தேன்?" என்று கேட்டாய். "வாயை மூடுலே" என்றேன். நீ சிரித்துக்கொண்டே போய்விட்டாய்.

ஆரல்வாய்மொழி ரோட்டோரம் நீ கடை போட்டாய். அங்கே இருக்கிற காற்றாலைகளில் வேலைக்கு ஏறி இறங்கியே அப்பாவின் பாதி ஆயுசு போனது. அதே காற்றில் மகன் காப்பி விற்கிறான் என்று அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், வெளியே சொல்ல மாட்டார். கன்னியாகுமரிக்குப் போகிற கார்கள் நின்றன. பையன்களும் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். மெஷின் கிடையாது, ஒவ்வொரு கப்பையும் நீ கையால் ஊற்றி வடிப்பாய், அதற்குள் நான் ஒரு தோசை சுட்டுச் சாப்பிட்டு முடித்துவிடுவேன். விலையைக் கேட்டு அப்பா எழுந்து வெளியே போனார். ஆனால் கடை ஓடியது. அப்போதுதான் அந்த ஹோட்டல் வீடியோ போடுகிற பையன் வந்தான். நீ ஆசையாக எல்லாம் சொல்லிக்கொடுத்தாய். வெந்நீர் விழும்போது தூள் பொங்கும், அந்த நேரம் காதைக் கிட்ட வைத்தால் காப்பி பேசும் என்றாய். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு போனான். வீட்டில் போய் வெட்டி ஒட்டிப் போட்டான். நீ கண்ணை மூடிக்கொண்டு கோப்பைக்குக் காது கொடுக்கிறாய். அடுத்து, சிரிப்புக்காக ஒட்டின வேறு ஒரு காட்சி, கல்யாண வீட்டு மைக்கில் யாரோ அலறுகிறார்கள். அடுத்து உன் கொண்டையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

உண்மையைச் சொல்கிறேன் மக்கா, முதல் தடவை பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. காப்பியைக் காதால் கேட்கச் சொன்னது கொஞ்சம் கூடுதல்தான். வீட்டில் அதைச் சொல்லியிருந்தால் நானே உன்னை ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். இரண்டாவது தடவை பார்த்தபோது கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். ஒன்றையும் விடவில்லை. உன் தாடியை, உன் கண்ணாடியை, உன் நடையை, நீ ஆணா என்பதை, உன்னைப் பெற்றவளை. உன்னைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள், நீ அவர்கள் வீட்டுச் சொத்தைத் தின்றுவிட்ட மாதிரி எழுதியிருந்தார்கள். போன வருஷம் நீயும் நானும் உன் போனில் யாரோ ஒரு குண்டு மனுஷன் ஆடுகிறதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோமே, நினைவிருக்கிறதா? அவருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் அந்தக் கூத்தைச் செய்தேன். ரோஜாப்பூப் படம் வைத்த என் கணக்கிலிருந்து, "தம்பிகளே, இது திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்து வளர்க்கிற முடி, கேலி செய்யாதீர்கள், சாமி குத்தம்" என்று எழுதிப் போட்டேன். நம் ஊரில் அந்த ஒரு வார்த்தை எத்தனை வாயை மூடியிருக்கிறது! நேர்ச்சை என்று சொன்னால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். அங்கேயும் அப்படித்தான் மூடுவார்கள் என்று நம்பினேன். அதற்குத்தான் அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். 'நேர்ச்சைக் கொண்டை' என்று உனக்குப் பேர் வைத்தார்கள். சிலர் சாமிக்காகக் கோபப்பட்டு, நேர்ச்சை முடியை வைத்துக்கொண்டு வியாபாரமா என்று திட்டினார்கள். ஒருவன் கத்தரிக்கோல் படம் போட்டு, "நாங்களே வந்து நேர்ச்சைய முடிச்சு வைக்கோம்" என்று எழுதினான். அதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். நீ போனை நீட்டி, "அம்மா, இந்த ரோஜாப்பூ நீயா?" என்று மட்டும் கேட்டாய். ஒரு வார்த்தை வைதிருக்கலாம்.

அந்தக் கத்தரிக்கோல்காரன் யார் என்று அவன் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தேன். ரவுடி மாதிரி யாரோ இருப்பான் என்று நினைத்தேன். அங்கே அவன் மடியில் ஒரு பெண் குழந்தை. மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, காது குத்துக்கு அழுதுகொண்டிருக்கிறது. இவனும் கண் கலங்கிப் போய் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். கெட்டவன் நாலு பேர்தான் இருப்பான், பார்த்து ஒதுங்கிப் போகலாம். குழந்தை அழுதால் கண் கலங்குகிறவனே உன் தலைக்குக் கத்தரிக்கோல் அனுப்புகிறான் என்றால் நான் யாரிடமிருந்து உன்னை ஒளித்து வைப்பது? அன்றிலிருந்து பஸ்ஸில், மார்க்கெட்டில், கோயில் வரிசையில் நல்ல முகமாக யாரைப் பார்த்தாலும், இவர் என்ன எழுதியிருப்பாரோ என்றுதான் தோன்றுகிறது.

பிறகு அந்த வீடியோவைப் பார்த்த பையன்கள் சிலர் கடைக்கே வந்தார்கள். அன்றைக்கு நான் உனக்குச் சோறு கொண்டு வந்து உள்ளே உட்கார்ந்திருந்தேன். இரண்டு பைக்கில் நாலு பேர். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். இன்னொருவன், "அண்ணாச்சி, காப்பி இன்னைக்கு என்ன சொல்லுகு?" என்றான். நீ சிரித்துச் சமாளித்தாய். மூன்றாமவன் பின்னால் வந்து உன் கொண்டையில் இருந்த ரப்பரை உருவினான். நம் ஊர்க் காற்று சும்மா இருக்குமா, முடியெல்லாம் முகத்தில் வந்து அடித்தது. நீ ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது அவன் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து உன் காதுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு தடவை வெறுமனே வெட்டினான். முடியில் படவில்லை, சத்தம் மட்டும்தான். "பயப்படாதீங்க அண்ணாச்சி, சும்மா வெளையாட்டு" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். நான் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் பைக்குகள் போய்விட்டன. நீ கீழே கிடந்த ரப்பரை எடுத்து, முடியைக் கட்டி, மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாய். தண்ணீர் தம்ளரைச் சுற்றி மேசையில் சிந்தியிருந்தது. போலீசுக்குப் போகலாம் என்று அப்பா சொன்னபோது, "வேண்டாம்ப்பா, அதையும் எடுத்துப் போடுவானுவ" என்றாய். அந்தக் கத்தரிக்கோல் சத்தம் இன்றுவரை என் காதில் இருக்கிறது மக்கா. அரிசி களையும்போதும் கேட்கிறது.

நீ இப்படிச் 'சரி' சொல்வது இது முதல் தடவை இல்லை. காலேஜில் சேர்ந்த புதிதில் ஹாஸ்டல் பையன்கள் நீ பேசுகிறதைப் பாட்டு மாதிரி இருக்கிறது என்று கிண்டல் பண்ணினார்கள். 'வந்தியா, தின்னியா' என்று உன்னைப்போல் இழுத்து இழுத்துப் பேசிக் காட்டினார்கள். நீ சண்டை போடவில்லை, சரி என்று உன் பேச்சையே கழற்றி வைத்துவிட்டாய். அடுத்த லீவுக்கு வந்து என்னிடம், "சாப்பிட்டீங்களாம்மா" என்று செய்தி வாசிக்கிற ஆள் மாதிரி கேட்டாய். நான் பெற்ற பிள்ளை வேறு எவனோ குரலில் பேசுகிறானே என்று எனக்குப் பகீர் என்றது. உன் பழைய பேச்சு போன இடம் தெரியவில்லை, வருஷக்கணக்கில் வரவில்லை. கடை போட்டு, காற்றாலைக்குப் போகிற லாரி டிரைவர் ஒருவரிடம் "காப்பி குடிச்சிட்டுப் போவும் அண்ணாச்சி" என்று நீ சொன்னதை ஒருநாள் தூரத்திலிருந்து கேட்டேன். உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொண்டை போட்ட பிறகுதான் உனக்கு உன் வாய் திரும்பக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

என் தம்பி நீலன் மாமாவை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். அவன் துபாயிலிருந்து முதல் லீவுக்கு வரும்போது தோள் வரைக்கும் முடி, கறுப்புக் கண்ணாடி, தரையைக் கூட்டுகிற பேன்ட். ஊர் முழுக்க அவன் பின்னால் நடந்து சிரித்தது. மூன்றாம் நாள் எங்கள் அப்பா வேம்பனைக் கூப்பிட்டு விட்டார், ஊருக்கு முடி வெட்டுகிறவர். நடு முற்றத்தில் முக்காலி போட்டு, "உக்காருலே" என்றார். சம்பாதிக்கிற பிள்ளை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவன் சரி என்று உட்கார்ந்தான். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். வேம்பனே, "போதும் வேய், பய அழுதிருவான்" என்று பாதியில் நிறுத்தினார். லீவு முடிந்து போனவன் மாதம் தவறாமல் எழுதுவான், கேட்டதெல்லாம் அனுப்புவான், ஆள் மட்டும் வரமாட்டான். எங்கள் அப்பா செத்ததற்கும் வரவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் அவனை நேசித்தவர்கள்தான். அவனுக்கு உடம்புக்கு முடியாமல் போயிருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். உன்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு அந்த நேசம்கூடக் கிடையாது. நீ நாளைக்கு மொட்டை போட்டுவிட்டு வந்து, எல்லாரிடமும் சிரித்துப் பேசி, தாலியையும் கட்டிவிட்டு, பிறகு மெதுவாக இங்கிருந்து எங்கேயோ போய்விடுவாயோ என்று பயம். மறுபடி ஒருநாள் போனில் "சாப்பிட்டீங்களாம்மா" என்று கேட்பாயோ என்று பயம்.

முடி உனக்கே சலித்துப்போய் நீயாக வெட்டினால் நான் மூலையில் நின்று சந்தோஷப்படுவேன், பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அது இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நாலு பேர் சிரித்ததற்காக ஒன்றை விட்டால் அது அதோடு நிற்காது மக்கா. முடிக்குப் பிறகு கடை, கடைக்குப் பிறகு பேச்சு. கடையில் நீ சொன்னதை நான் வீட்டில் தனியாகச் செய்து பார்த்தேன், தெரியுமா? நீ வைத்திருக்கிற தூளை எடுத்து, நீ வடிக்கிற அந்தத் தாள் கூம்பில் போட்டு, வெந்நீர் ஊற்றி, யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, காதை வைத்தேன். இட்லி மாவு பொங்கும்போது பானைக்குள் ஒரு சின்னச் சத்தம் வருமே, அதே மாதிரி கேட்டது. நீ பொய் சொல்லவில்லை. சிரித்த அத்தனை பேரில் ஒருவன்கூட வீட்டில் ஊற்றிக் கேட்டிருக்க மாட்டான்.

ராத்திரி உனக்குத் தெரியாமல் அபிக்குப் போன் பண்ணினேன். உன் கொண்டை அவளுக்குச் சம்மதம்தானா என்று கேட்டேன். "அத்தை, பொண்ணு பாக்க வரும்போதே கொண்டையோடதான வந்தாவ. அதப் பாத்துட்டுத்தான நான் சரின்னேன்" என்றாள். பிறகு, "அவங்க கொஞ்ச நாளா என்ன சொன்னாலும் சரி சரின்னே சொல்லுகாங்க அத்தை, எனக்குப் பயமும் பேடியுமா இருக்கு" என்றாள். நம் வீட்டுக்கு வரப் போகிறவளுக்கும் என் பயமே இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு ஒரு தெம்பு வந்தது.

இனி நேர்ச்சைக்கு வருகிறேன். விளையாட்டோ வினையோ, முருகன் பேரைச் சொல்லி முடியை நேர்ந்தாயிற்று. மைனியிடம் சொன்னேன், ஊரிடம் சொன்னேன், உலகத்துக்கே எழுதிப் போட்டேன். கல்யாண நேரத்தில் அதைச் செலுத்தாமல் விடுவதற்கு எனக்குத் தைரியம் இல்லை. நீ இதையெல்லாம் நம்ப மாட்டாய். நான் நம்புகிறேன், நம்புகிறவளுக்குத்தான் பயம். ஆனால் நேர்ந்தது நீ இல்லை. சொன்ன வாய் என்னுடையது, அப்படியானால் கொடுக்க வேண்டிய தலையும் என்னுடையதுதான். காலையில் அப்பாவிடம் சொன்னேன். "சுமங்கலி நீ, மகன் கல்யாணத்துல மொட்டத் தலையோட நிப்பியா?" என்று கேட்டார். நிற்பேன் என்றேன். அவர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, "பஸ் எத்தன மணிக்கு?" என்றார். நாளைக்கான வேனை அவர்தான் போன் பண்ணி வேண்டாம் என்று சொன்னார். அபியின் மாமாவுக்கும் போன் பண்ணி, நேர்ச்சை பையனுடையது இல்லை, அவன் அம்மா சொன்ன பொய் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். அவர் மறுபக்கம் என்ன சொன்னார் என்று அப்பா என்னிடம் சொல்லவில்லை.

நீ இதை வாசிக்கிற நேரம் நாங்கள் திருச்செந்தூரில் இறங்கியிருப்போம். பின்னால் வராதே, வந்தாலும் எல்லாம் முடிந்திருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போய்க் கடையைத் திற. பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. கண்ணாடியில் என்னைப் பார்க்கப் பயம், மைனியின் முகத்தைப் பார்க்கப் பயம், கல்யாண வீட்டு போட்டோவுக்குப் பயம். அந்தப் பையன்கள் மண்டபத்துக்கே வந்தாலும் வருவார்கள். வரட்டும். முகூர்த்த நேரத்தில் போனைத் தூக்குவார்கள். நீ கொண்டையோடு மணையில் உட்கார்ந்திரு. பக்கத்தில் பட்டுச்சேலை கட்டி மொட்டைத் தலையோடு ஒருத்தி நின்றால் யாருடைய கண்ணும் முதலில் அவள் மேல்தான் போகும். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்து முடிப்பதற்குள் நீ தாலியைக் கட்டிவிடு, மக்கா.

அம்மா